விமானத்தில் கையோடு கொண்டுபோகும் முதுகுப்பை: வன்னியிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் விமான ரிக்கெற் பதிவு செய்து கொடுக்கும் கடையொன்றில் எனக்கு வேலை. பேர், திகதி எல்லாம் சரிபார்த்து முடித்ததும் அநேகம் பேர் அடுத்துக் கேட்பது பையைப் பற்றித்தான். பெரும்பாலும் சென்னைக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ மூன்று, நான்கு நாள் போய்வருகிறவர்கள். ஆஸ்பத்திரி, கல்யாணத்துக்கு உடுப்பெடுப்பு, கோயில் நேர்த்தி, அந்தப் பக்கமே தங்கிவிட்ட சொந்தக்காரர் வீட்டு விசேஷம். லகேஜ் போடாமல் முதுகில் ஒரே பையோடு போய்வரலாமா என்பதுதான் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. தாராளமாகப் போய்வரலாம்.

பறப்பது ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. ஆனால் முல்லைத்தீவிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ கொழும்புப் பக்கம் இருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர ஓர் இரவு வேண்டும். ஆகவே பையை ரோட்டைப் பார்த்து வாங்க வேண்டும், எடையை விமானத்தைப் பார்த்து வைக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் இந்த எண்ணத்தோடு எழுதியவை.

எத்தனை லீற்றர் பை எடுப்பது?

30 முதல் 35 லீற்றர். கடைக்காரர் 40, 45 என்று காட்டுவார், “பிறகு கூடச் சாமான் வைக்கலாம்தானே” என்பார். வைக்கலாம்தான், வைத்தால் கையோடு கொண்டுபோக விடுகிற 7 கிலோ எல்லையைக் கடந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். விமான நிறுவனங்கள் அதிகம் சொல்லும் 55, 35, 25 சென்ரிமீற்றர் என்ற அளவைப் பெருக்கினால் 48 லீற்றர் வரும். அது மூலை மடங்காத பெட்டிக்கு. முதுகுப்பையின் மேல்பக்கம் வளைந்திருக்கும், தோள்வாரும் பஞ்சும் இடம் பிடிக்கும். அதனால் அந்த நீள அகலத்துக்குள் அடங்கும் பைகள் பெரும்பாலும் 40 லீற்றரோடு நின்றுவிடும். அந்த 40 லீற்றரையும் உடுப்பு, சார்ஜர், சவர்க்காரம், ஒரு சோடி சப்பாத்து என்று அடைத்தால் 7 கிலோ எப்போதோ தாண்டியிருக்கும். 30 லீற்றர் பையை நிரப்பினால் 7 கிலோவுக்குக் கிட்ட வந்து நிற்பீர்கள். பை நிறைவதும் எடை நிறைவதும் ஒரே நேரத்தில் நடக்கும் அளவு அதுதான்.

மூன்று நாளுக்குப் போகும் ஓர் ஆண்பிள்ளைக்கு இரண்டு காற்சட்டை, மூன்று சேட், ஒரு சறம், துவாய், உள்ளுடுப்பு. இதற்கு 25 லீற்றரே காணும். நாம் போவது குளிர் இல்லாத ஊர்களுக்கு. வெளிநாட்டுக்காரர் எழுதும் பை ஆலோசனைகளில் பாதி இடத்தை ஜக்கெற்றே பிடித்துக்கொள்கிறது, அந்தக் கவலை நமக்கு இல்லை.

7 கிலோ என்பது பையின் எடையோடு சேர்த்தா?

சேர்த்துத்தான். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் சாதாரண வகுப்புக்கும் இண்டிகோவுக்கும் கைப்பொதி 7 கிலோ. பையைத் தூக்கித் தராசில் வைத்தால் வருகிற எண் அது.

இதனால்தான் பேர்போன பயணப் பைகளை எல்லாருக்கும் நான் சொல்வதில்லை. ஒஸ்ப்ரே கொம்பனியின் ஃபார்பொயின்ற் 40 நல்ல பை, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் வெறும் பையே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். நமக்குத் தந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பைக்கே போய்விடுகிறது. அது பெரிய சுமையோடு நாள் முழுக்க நடக்கிறவருக்காகச் செய்தது. இடுப்புப் பட்டி, முதுகுச் சட்டம், தடித்த பஞ்சு எல்லாம் அதற்குத்தான். 7 கிலோவை இடுப்பில் இறக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. வெறும் எடை 800, 900 கிராமுக்குள் இருக்கிற பையாகப் பாருங்கள். ஒரு கிலோவைத் தாண்டினால், வேறு நல்ல காரணம் இருந்தாலொழிய வேண்டாம்.

கடையில் தொங்கும் பைகளில் எடை எழுதியிருக்காது. பக்கத்துப் பலசரக்குக் கடையில் நிறுத்துப் பார்க்க வெட்கப்படாதீர்கள். வீட்டில் அடுக்கி முடித்த பையை நெல் மூட்டை நிறுக்கிற தராசில் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அந்தத் தராசு அரைக் கிலோ முன்பின் காட்டினாலும் நெல்லுக்குப் பரவாயில்லை. விமான நிலையக் கவுண்டரில் அரைக் கிலோ என்பது ஒரு பட்டுச்சேலை. கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கும் சின்ன இலத்திரன் தராசு ஒன்று வாங்கி வைத்தால் ஊரே இரவல் வாங்கும், அது வேறு விஷயம்.

எல்லா விமானத்துக்கும் ஒரே அளவுதானா?

இல்லை. இண்டிகோ நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 சென்ரிமீற்றருக்குள் வரச் சொல்கிறது. அதோடு ஒரு கைப்பையோ லப்டொப் பையோ 3 கிலோ வரை விடுகிறது. லப்டொப்பும் சார்ஜரும் அதற்குள் போனால் முதுகுப்பைக்கு மூச்சு வரும்.

வெளிநாட்டில் இருக்கிற மருமகனின் ஆலோசனையை அப்படியே எடுக்காதீர்கள். லண்டனிலிருந்து பாரிசுக்கு ஈஸிஜெற்றில் போகிறவருக்குச் சும்மா கொண்டுபோகக் கிடைப்பது 45, 36, 20 சென்ரிமீற்றருக்குள் அடங்கி, முன் இருக்கைக்குக் கீழே நுழையும் பை. அவர்களுக்கு அளவில் பிரச்சினை, நமக்கு எடையில் பிரச்சினை. அவர் இறுக்கி அடைத்த சின்னப் பை கட்டுநாயக்காவில் தராசைத் தாண்டலாம். ரிக்கெற்றிலேயே கைப்பொதி பற்றி ஒரு வரி இருக்கும். நிறுவனங்கள் விதியை மாற்றிக்கொண்டே இருப்பதால், பழைய பயணத்தை நினைத்துக்கொண்டு போகாமல் அந்த வரியைப் படியுங்கள்.

பலாலியால் போனால் ஏதும் வித்தியாசம் உண்டா?

உண்டு. பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று 2019 ஒக்ரோபரில் திறந்தார்கள். கொரோனாவோடு சேவை நின்றுபோய், 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் மறுபடி வந்தது. இண்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னைக்கும் 2025 மார்ச்சில் திருச்சிக்கும் தொடங்கியது. இந்த வழிக்கு வந்தது ஏரீஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற விமானம். இண்டிகோவின் ஏரீஆரில் 78 இருக்கை.

ஜெற் விமானத்தோடு பார்த்தால் அதில் தலைக்கு மேல் இருக்கும் தட்டு சின்னது. 25 சென்ரிமீற்றர் தடிப்பில் விறைத்து நிற்கிற பை அதற்குள் போகச் சண்டை பிடிக்கும். போகாவிட்டால் ஏணியடியிலேயே வாங்கிக் கீழே சாமான் அறையில் போட்டுவிடுவார்கள். பலாலியால் போகிறவருக்கு ஆகவே சட்டம் இல்லாத, அமுக்கினால் அமுங்குகிற பைதான் நல்லது. கடவுச்சீட்டு, நகை, மருந்து, பவர் பாங்க் நான்கையும் ஒரு சின்னப் பைக்குள் போட்டு முதுகுப்பையின் வாயருகே வையுங்கள். பெரிய பையைக் கேட்டால் சின்னதை உருவிக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம், வரிசையை மறித்து நின்று கிண்டத் தேவையில்லை.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன், ஆனையிறவு தாண்டிப் பலாலிக்குப் போக இரண்டு மணித்தியாலம் அளவில்தான் ஆகும். இரவு முழுக்க பஸ்ஸில் போகத் தேவையில்லை என்பதால் பையும் அவ்வளவு அடிபடாது.

பிள்ளையின் புத்தகப்பை போதாதா?

பலருக்குப் போதும். 20, 25 லீற்றர் இருக்கும், எடை குறைவு, வீட்டில் ஏற்கெனவே கிடக்கிறது. இரண்டு நாள் பயணத்துக்குப் புதுப்பை வாங்கப் போகிறேன் என்று வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியதுண்டு. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் தையல் விட்டிருக்கிறதா, சிப் மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியையும் கத்தரிக்கோலையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

சில்லு வைத்த சின்னச் சூட்கேஸ் சுகம் இல்லையா?

விமான நிலையத்துத் தரையில் சுகம். கிரவல் ரோட்டில் சில்லு உருளாது, ஓட்டோவுக்குள் முழங்காலில் இடிக்கும், பஸ் படியில் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். வெறும் பெட்டியே இரண்டு, இரண்டரைக் கிலோ வந்தால் சாமானுக்கு நாலரைதான் மிச்சம். தோள், கழுத்து வருத்தம் உள்ளவர்கள் எடுக்கட்டும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

பை மேலால் திறக்க வேண்டுமா, முன்னால் திறக்க வேண்டுமா?

முன்னால். மூன்று பக்கமும் சிப் ஓடி, கட்டிலில் வைத்தால் முழுதாகத் திறந்து கிடக்கிற பை. மேலால் மட்டும் திறக்கிற பையில் அடியில் கிடக்கும் சட்டையை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் இழுக்க வேண்டும், பிறகு அது பழையபடி அடங்காது. சோதனைக்காரர் திறக்கச் சொன்னாலும் அதே கதைதான். 2002 சமாதான காலத்தில் ஏ9 ரோடு திறந்தபோது புளியங்குளம் சோதனைச்சாவடியில் ஒரு தடவையும் ஓமந்தைச் சாவடியில் ஒரு தடவையும் மேசையில் பையை விரித்துக் காட்டிய தலைமுறைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எதை எங்கே வைத்தால் சீக்கிரம் மூடிக்கொண்டு நடக்கலாம் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

லப்டொப் வைக்கும் அறை முதுகோடு ஒட்டி, தனிச் சிப்போடு இருக்க வேண்டும். சோதனையில் அதை வெளியே எடுக்கச் சொல்வார்கள். எடையான பொருள் முதுகோடு ஒட்டி இருந்தால் தோளும் பின்னுக்கு இழுபடாது.

எந்தத் துணி நல்லது? சிப் எப்படிப் பார்ப்பது?

துணியில் “டெனியர்” என்று ஒரு கணக்கு எழுதியிருக்கும். 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். எண் கூடக்கூட நூல் தடிப்பு, உழைப்பும் கூட, எடையும் கூட. சந்தையில் அதிகம் கிடைப்பது 600 டெனியர் பொலியெஸ்ரர். 420 நைலோன் கொஞ்சம் மெல்லியது, ஆனால் நைலோன் என்பதால் உரசலைத் தாங்கும். 210 டெனியரில் கட்டம் கட்டமாக நெய்த ரிப்ஸ்டொப் துணி மிக லேசு, ஆனால் பஸ்ஸின் இரும்பு விளிம்பில் இழுபட்டால் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளது.

ஆனால் துணி கிழிந்து பை போனதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. போவது சிப்தான். கடையில் வெறும் பையின் சிப்பை இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை, எல்லாச் சிப்பும் அப்போது ஓடும். பக்கத்தில் தொங்கும் இரண்டு பைகளை அதற்குள் அடைத்து, ஒரு கையால் மூலை திருப்பி மூடிப் பாருங்கள். மூலையில் சிக்கினால் வைத்துவிடுங்கள். வைகேகே என்ற ஜப்பான் கொம்பனியின் சிப் நம்பகமானது. அந்த மூன்று எழுத்தையும் பொறித்த போலிகளும் சந்தையில் இருப்பதால் எழுத்தைவிடக் கையை நம்புங்கள். பிறகு தோள்வார் மேலே சேரும் இடம். ஒரே வரித் தையலா, நெருக்கமாகப் பல தடவை ஓட்டிய தையலா என்று துணியை விலக்கிப் பாருங்கள். முழுச் சுமையும் அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் தொங்குகிறது.

எங்கள் செம்மண் தூசுக்குச் சிப் ஆறு மாதத்தில் கரகரக்கத் தொடங்கும். பழைய பல்துலக்கியால் பல்லுக்கு நடுவே தட்டித் துடைத்து, மெழுகுதிரித் துண்டை மேலும் கீழும் தேய்த்தால் மறுபடி வழுக்கும். எண்ணெய் போடாதீர்கள், எண்ணெயில் தூசு வந்து ஒட்டும். சிப் மூடிக்கொண்டே போகும்போது பின்னால் வாய் பிளந்தால் பல்லில் பிழை இல்லை, இழுக்கிற தலை தேய்ந்து அகன்றுவிட்டது. அந்தத் தலையின் பின்விளிம்பைக் குறட்டால் ஒரு பக்கம் மெதுவாக, மற்றப் பக்கம் மெதுவாக நெரித்தால் பல் மறுபடி கவ்வும். அடியாகத் தேய்ந்திருந்தால் தலையை மட்டும் மாற்றிக் கொடுக்கத் தையல்காரர் இருக்கிறார். முழுச் சிப்பும் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவரிடம் கொடுக்க முதல் இன்னொருவரிடம் கேளுங்கள்.

மழைக்கு உறை வாங்க வேண்டுமா?

ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் போகிறவர்கள் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் வெளி உறை முதுகுப் பக்கத்தை மூடாது. மோட்டார் சைக்கிளில் போகும்போது முதுகில் வழிகிற தண்ணீர் அந்தப் பக்கத்தால் உள்ளே போகும். காற்றுக்கு உறையே பறந்துபோவதும் உண்டு. பைக்குள் தடித்த பொலித்தீன் பை ஒன்றை விரித்து, சாமானை அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கிச் செருகிவிடுவது மேல். சில கிராம்தான் எடை. உர மூட்டைக்குள் வரும் பொலித்தீனை மட்டும் எடுக்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக எப்படி?

ஓட்டுகிறவர் முதுகில் போட்டால் பின்னால் இருப்பவருக்கு இடம் இல்லை, பின்னால் இருப்பவர் முதுகில் போட்டால் வேகத் தடையில் பின்னுக்கு இழுக்கும். முன்னால் பெற்றோல் தாங்கிக்கு மேல் வைத்துப் போகிறவர்களே அதிகம். அப்படி வைப்பதற்குத் தடிப்புக் குறைந்த பை நல்லது, உயர்ந்து நின்றால் கைபிடியைத் திருப்ப விடாது. தொங்கும் வார்களை முடிந்துவிடுங்கள், சங்கிலியிலும் சில்லிலும் சுற்றுவது அவைதான். நெஞ்சுக்குக் குறுக்கே பூட்டும் சின்னப் பட்டி உள்ள பை கிடைத்தால் விடாதீர்கள்.

சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறோம். என்ன பை சரி?

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் இவர்கள் நிறையப் பேர். முதலில் பார்க்க வேண்டியது படம். சீ.ரீ., எம்.ஆர்.ஐ. படத்தாள்கள் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு 17 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 36 க்கு 43 சென்ரிமீற்றர். 35 சென்ரிமீற்றர் அகலமான பைக்குள் அது நேராகப் போகாது. மடித்துத் திணித்தால் மடிப்புக் கோடு படத்தில் விழும், வைத்தியருக்கு அது தொல்லை. தளர்வாகச் சுருட்டி, துவாயை உள்ளே கொடுத்து, பைக்குள் நிறுத்தி வையுங்கள். சீடியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைகளை எல்லாம் போனில் படம் எடுத்து, கூடவராத பிள்ளை ஒருவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

மருந்து எப்போதும் கைப்பையில்தான். இன்சுலினைக் கீழே சாமான் அறைக்கு அனுப்பவே கூடாது, உறைந்தால் அது பழுது. திரவ மருந்து 100 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தாலும் பயணத்துக்குத் தேவையான அளவை வைத்தியரின் துண்டோடு காட்டினால் விடுவார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்து வெறும் போத்தலில் போடாதீர்கள், பேர் தெரிய வேண்டும்.

நோயாளியின் முதுகில் பை இருக்கக் கூடாது. கூடப் போகிறவர் இரண்டு பேரின் சாமானையும் சுமப்பார் என்றால் அவருக்கு 35 லீற்றர், நோயாளிக்குத் தோளில் தொங்கும் சின்னப் பை ஒன்று.

தேன், கறித்தூள், கருவாடு இதையெல்லாம் கையில் கொண்டுபோகலாமா?

வன்னியிலிருந்து வெறுங்கையோடு போக மனம் வராது, தெரியும். திரவ விதி 2006 ஓகஸ்டில் லண்டனில் விமானங்களைத் திரவ வெடியால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்தது. ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் கொள்ளும் தெளிந்த பைக்குள். பார்ப்பது போத்தலின் கொள்ளளவை, உள்ளே இருக்கும் அளவை அல்ல. 200 மில்லிலீற்றர் போத்தலில் கால்வாசிதான் நல்லெண்ணெய் என்று வாதாடிப் பயனில்லை. காட்டுத்தேன், நெய், ஊறுகாய், எருமைத் தயிர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

தூள்களை நிறுத்திச் சோதிப்பார்கள், மிளகாய்த்தூளைக் கையில் விடாத விமான நிலையங்களும் உண்டு. வறுத்த கறித்தூள் கட்டாயம் போக வேண்டுமானால் லகேஜ் போடுங்கள். கருவாடும் அப்படித்தான். தடை இருக்கோ இல்லையோ, மூடிய விமானத்துக்குள் பக்கத்து இருக்கைக்காரரையும் நினைக்க வேண்டும். காய்ந்த கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று ஆபத்தான பொருள்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது, ஐ.நா. இலக்கம் 1363. அதைக் கையிலும் வேண்டாம், லகேஜிலும் வேண்டாம். பாலைப்பழம் நசிந்து பால் வடிந்து பையையே ஒட்டிவிடும், பழங்களுக்குத் தாவர நோய்த் தடுப்பு விதிகளும் உண்டு.

தொல்லை இல்லாதவை புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்கும்போது வாங்கிய கச்சான். ஒரு கிலோக் கச்சான் ஒரு கிலோதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தேங்காயைப் பிள்ளையாருக்கே உடைத்துவிட்டுப் போங்கள்.

பவர் பாங்க் எங்கே வைப்பது?

கையில், வேறெங்கும் இல்லை. லிதியம் பற்றரி தீப்பிடித்தால் கண்முன் இருந்தால்தான் அணைக்கலாம் என்பதால் லகேஜில் விடுவதில்லை. எல்லை 100 வாற்-மணித்தியாலம். சாதாரண 20,000 மில்லி அம்பியர்-மணித்தியால பவர் பாங்க் 74 தான் வரும், பயமில்லை. எழுத்து அழிந்துபோன பழையதைக் கொண்டுபோகாதீர்கள், அளவு தெரியாவிட்டால் வாங்கி வைத்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் எயார் பூசான் விமானம் ஒன்று புறப்படுமுன் தீப்பிடித்தது. தலைக்கு மேல் தட்டில் கிடந்த பவர் பாங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு பல நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பாவிக்கவே விடுவதில்லை. ஆகவே பையில் அதற்கு இடம் முன்பக்கத்துச் சின்ன அறை, தட்டுக்குப் போகாமல் உங்கள் காலடியில்.

வீட்டில் கிடக்கும் பழைய பையையே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் வன்னியில் ஒரு பை எங்கெங்கே கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விமான நிலையத்தில் பையைத் துண்டுத்துணியால் தடவி ஒரு கருவிக்குள் வைப்பதைக் கண்டிருப்பீர்கள். வெடிபொருளின் தடம் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. சில உரங்களில் உள்ள நைத்திரேற்றும் அந்தக் கருவியைக் கத்த வைக்கலாம். உரம் அடுக்கிய கொட்டிலில் கிடந்த பை, உர மூட்டைப் பொலித்தீன், வயலுக்குப் போட்ட சப்பாத்து எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற தம்பி, தங்கச்சிமாருக்கு இதைக் கூடுதலாகவே சொல்வேன். வேலைக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள், தோய்த்தாலும் வேண்டாம். கடைசியில் விட்டுவிடுவார்கள்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி விளக்கம் கொடுத்து முடிக்கும் வரை விமானம் நிற்காது.

பழைய பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்துத் தட்டுங்கள். பிள்ளைகள் மண்ணில் பொறுக்கி விளையாடிய ரவைக் கோது ஒன்று மூலைத் தையலுக்குள் கிடந்தால் போதும், வெற்றுக் கோது என்று சொல்லித் தப்புவது கடினம். வெளிநாட்டிலிருந்து வந்து முள்ளிவாய்க்கால் கரையில் நினைவுக்கென்று எதையாவது எடுத்துப் பைக்குள் போடுகிறவர்களுக்கும் இதுதான் பதில்: மண் என்றாலும் இரும்பு என்றாலும் எடுக்காதீர்கள்.

நிறம் எதுவும் எடுக்கலாம், படையினரின் உடுப்பு மாதிரிப் புள்ளி போட்டதை விட்டு. பயணத்துக்கு நடுவில் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்கத் தேவையில்லைதானே. கடும் மண்ணிறம் எங்கள் தூசுக்குப் பொருத்தம், ஊத்தை தெரியாது.

“தம்பி, நான் சேலையோட முதுகில பை போடுறதா?”

போன மாதமும் ஒரு அம்மா கேட்டார். போடலாம் அம்மா, விமான நிலையத்தில் உங்களைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. ஆனால் சேலைத் தலைப்பு இழுபட்டுத் தோளில் நிற்காது என்பது உண்மை. இரண்டு வழி உண்டு. ஒன்று, முதுகுவாரை உள்ளே செருகிவிட்டுப் பக்கத்துக் கைபிடியால் தூக்கக்கூடிய பை. பயணப் பைகளில் மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றும் கைபிடி இருக்கும், அது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மற்றது, 5 கிலோவோடு நிறுத்திக்கொள்வது. வயது போனவர்களுக்கு 7 கிலோ என்பது விமானம் தந்த எல்லை, உங்கள் முதுகு தந்த எல்லை அல்ல. தட்டில் தூக்கி வைக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெடியனிடம் கேளுங்கள், மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணச் சாமான் எடுக்கப் போகிறோம். வரும்போது என்ன செய்வது?

போகும்போது 5 கிலோ, வரும்போது 25 கிலோ. தி. நகருக்குப் போய்வந்த எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். இதற்குப் பெரிய முதுகுப்பை தீர்வு அல்ல. மடித்தால் கைக்குள் அடங்கும் மெல்லிய நைலோன் பை ஒன்றை அடியில் வைத்துக்கொண்டு போங்கள். திரும்பும்போது உடுத்த உடுப்பெல்லாம் அதற்குள் போய் லகேஜாகட்டும். கூறைச்சேலையும் நகையும் பற்றுச்சீட்டுகளும் முதுகுப்பையில் கையோடு வரட்டும்.

ரிக்கெற் போடும்போதே “வரும் வழிக்கு லகேஜ் சேர்த்துப் போடுங்கோ” என்று சொல்லுங்கள். இங்கே முன்கூட்டிக் கட்டுவது, கடைசி நேரத்தில் திருச்சிக் கவுண்டரில் கூடுதல் கிலோவுக்குக் கட்டுவதைவிடக் குறைவு. அங்கே கட்டுவதானால் இந்திய ரூபாயில், அதுவும் உடுப்புக்கடையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நிற்கும் நேரத்தில் கேட்பார்கள்.